நீர் தந்த ஒளியும் நிலம் கொடுத்த விலையும்

மின்சாரம் என்பது கண்ணுக்குப் புலப்படாத பண்டம். ஒரு மூட்டை அரிசியை எடுத்துக்கொண்டால், அது எந்த நிலையத்தில் வண்டியேற்றப்பட்டது, எத்தனை மைல் பயணம் செய்தது, கட்டணம் எவ்வளவு, அதைச் செலுத்தியவர் யார் என்பனவற்றையெல்லாம் ரசீதைப் பார்த்துக் கூறிவிடலாம். சரக்குப் புத்தகங்களோடு காலம் கழிக்கும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு அது நித்தியப்படி வேலை. ஆனால் பொத்தானை அழுத்தியவுடன் எரியும் விளக்குக்கு அத்தகைய ரசீது கிடையாது. அது எங்கிருந்து புறப்பட்டது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதும் இல்லை.

இந்நாளில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிப் பேசாதார் இல்லை. நிலக்கரி ஒரு முறை எரித்தால் தீர்ந்தது. நீரும் காற்றும் வெயிலும் எடுக்க எடுக்கக் குறையாதவை. ஆகவே இவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதே மேல் என்பர் ஒரு சாரார். இவற்றிலும் குறைகள் உண்டு என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் வருங்காலத்தையே பேசுகின்றனர். ஆனால், இன்று மும்பை என வழங்கும் நம் பம்பாய்க்கு இவ்விஷயத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு. அக்கணக்கின் வரவையும் பற்றையும் ஒருங்கே புரட்டிப் பார்ப்பது நம் காலனிக் குடும்பத்தாருக்குப் பயன்படும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் நாட்டில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி 1897ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் தொடங்கிற்று. அது ஒரு மலைநகரத்தின் விளக்குகளுக்குப் போதுமான சிறு நிலையம். 1902இல் மைசூர் அரசாங்கம் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பெரிய நிலையம் ஒன்றை நிறுவி, தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பியது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் தமிழர் பலர். வெகு தூரத்தில் விழும் நீர் வேறொரு ஊரின் இயந்திரத்தைச் சுழற்றும் என்பதை நம்மவர் கண்ணாரக் கண்டது அங்கேதான் எனலாம்.

பம்பாய்க்கு இந்த ஆற்றல் மிகவும் தேவையாயிருந்தது. பஞ்சாலைகள் பெருகிய அந்நகருக்கு அருகில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வங்காளத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் கரியைக் கொண்டுவர வேண்டும். வண்டிச் சத்தம் கரியின் விலையையே மிஞ்சிவிடும். ஆலைப் புகைபோக்கிகள் கக்கிய கரும்புகை நகரத்தையே மூடியிருந்தது. அதே வேளையில், நகரத்துக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில், லோணாவளாப் பகுதியில், ஆண்டுதோறும் சராசரியாக 150 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி நான்கு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரை மலைமேல் தேக்கி, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கீழே இறக்கினால் என்ன என்ற யோசனையை டேவிட் கோஸ்ட்லிங் என்ற கட்டடக்கலைஞர் கூறினார். ஜம்ஷெட்ஜி டாட்டா அதை ஏற்றுக்கொண்டார். 1904இல் அவர் காலமாகிவிட்டபடியால், முயற்சியை நிறைவேற்றும் பொறுப்பு அவர் மக்களைச் சேர்ந்தது. 1910இல் கம்பெனி அமைந்தது. 1911இல் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1915இல் கோபோலி நிலையத்திலிருந்து பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் பாய்ந்தது.

கோபோலி, போர் கணவாயின் அடிவாரத்தில் உள்ள ஊர். கர்ஜத்திலிருந்து கிளைப் பாதையில் சென்றால் அதுவே கடைசி நிலையம். மலைமேலுள்ள ஏரிகளிலிருந்து ஏறக்குறைய 1,700 அடி உயரம் இரும்புக் குழாய்களில் இறங்கிவரும் நீர், பெரும் வேகத்தோடு சக்கரங்களின் கிண்ணங்களில் மோதி அவற்றைச் சுழற்றுகிறது. நீர் எரிவதும் இல்லை, அழிவதும் இல்லை. சுழற்றிய பின் ஆற்றில் கலந்துவிடுகிறது. புகை இல்லை, சாம்பல் இல்லை, கரி வண்டிக்குக் காத்திருத்தலும் இல்லை. இதன் வெற்றியைக் கண்டு 1922இல் பிவ்புரியிலும், 1927இல் பீராவிலும் நிலையங்கள் எழுந்தன.

இந்த ஆற்றல் ரயில்வேக்குச் செய்த உதவி சிறிதன்று. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. 1928 ஜனவரியில் கொலாபாவிலிருந்து போரிவலி வரையும், 1929இல் மலையேறிப் பூனா வரையும் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. ஜி.ஐ.பி. ரயில்வே கல்யாணுக்கு அருகே கரியால் இயங்கும் சொந்த மின்நிலையம் ஒன்றையும் அமைத்துக்கொண்டது. ஆகவே எல்லா வண்டிகளும் மழைநீரால் மட்டுமே ஓடின என்று கூறுதல் பொருந்தாது. எனினும் மலைநீர் மின்சாரம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தமையே இம்மாறுதலுக்குப் பெருந்துணை புரிந்தது. மின்சார வண்டி நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகம் பிடிக்கும். ஆதலால் ஒரே தண்டவாளத்தில் அதிக வண்டிகளை விட முடிந்தது. கோட்டைப் பகுதியில் வேலை, மாதுங்காவிலோ செம்பூரிலோ குடியிருப்பு என்ற வாழ்க்கைமுறை நிலைபெற்றது. தெற்கிலிருந்து குமாஸ்தா உத்தியோகம் தேடி வந்த நம் முன்னோர், ஒண்டுக் குடித்தனமாகவேனும் இங்கே வேரூன்றியதில் இந்த வண்டிகளுக்கும் பங்கு உண்டு. இவை அனைத்தும் வரவுப் பக்கம்.

இனிப் பற்றுப் பக்கத்தைப் பார்ப்போம். பீரா நிலையத்துக்கு நீர் வேண்டுமானால், பூனாவுக்கு மேற்கே முளா, நீலா ஆறுகள் கூடும் முள்ஷியில் அணை கட்ட வேண்டும். கட்டினால் ஐம்பது கிராமங்களுக்குக் குறையாமல் பாதிக்கப்படும். அப்பள்ளத்தாக்கு, மாம்பூ மணம் கமழும் ஆம்பேமோஹர் நெல்லுக்குப் பெயர் பெற்றது. அங்கு உழுது வாழ்ந்தவர்கள் மாவளர். சிவாஜியின் காலாட்படையில் பணியாற்றிய குடியினர். 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி, பொதுநன்மை என்ற பெயரால் கம்பெனிக்காக அரசாங்கமே நிலத்தை எடுத்துக்கொடுக்க முற்பட்டது. மக்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி அச்சட்டத்தில் இல்லை.

1921ஆம் ஆண்டு ஏப்ரல் 16, ஸ்ரீராமநவமி. அன்று ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் அணை கட்டும் இடத்தில் சென்று அமர்ந்து வேலையை நிறுத்தினர். ‘உயிர் அல்லது நிலம்’ என்பது அவர்களுடைய முழக்கம். பாண்டுரங்க மகாதேவ பாபட் என்பவர் இக்கிளர்ச்சியின் தலைவராக விளங்கினார். சேனாபதி என்ற பட்டம் அவருக்கு இதனாலேயே வந்தது. சட்டத்தின் உரிமையைப் பிடித்துக்கொண்டு நில்லாமல் மக்களோடு கலந்து பேச வேண்டும் என்று காந்தியடிகள் அவ்வாண்டிலேயே டாட்டா நிறுவனத்துக்கு ‘யங் இந்தியா’ இதழில் யோசனை கூறினார். சிறிது காலம் நின்ற வேலை மறுபடி தொடங்கிற்று. கிளர்ச்சியாளர் பலர் சிறை புகுந்தனர். பாபட் பின்னர் அகிம்சை வழியைக் கைவிட்டு, கட்டுமானத்துக்குச் சேதம் விளைவித்து நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். 1924ஆம் ஆண்டின் இறுதியோடு போராட்டம் ஓய்ந்தது. அணை எழுந்தது; வயல்கள் நீரில் மூழ்கின.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்பள்ளத்தாக்கின் நிலங்களிற் பல, பூனா நகரத்துச் சாவுகார்களிடம் கடனுக்கு ஈடாகப் போயிருந்தன. ஏட்டில் உரிமையாளர் சாவுகார். வயலில் இறங்கி உழைத்தவர் மாவளர். நஷ்டஈடு என்று வந்தபோது ஏட்டில் பெயர் உள்ளவருக்கே முதலிடம். ஆகவே சாவுகார்களிற் பலர் விலையைப் பற்றிப் பேசினர். உழவர் வாழ்வைப் பற்றிப் பேசினர். பணம் கொடுக்கப்பட்டதா என்று கேட்டால், கொடுக்கப்பட்டது என்று கணக்கு சொல்லும். இழந்தவர் கையில் சேர்ந்ததா என்பதைக் கணக்கு சொல்லாது.

மற்றொரு செய்தி நீரைப் பற்றியது. இம்மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை இயற்கையாகப் பீமா நதியிலும், பின் கிருஷ்ணையிலும் சேர்ந்து வங்கக் கடலை நோக்கிச் செல்வது. மின்சாரத்துக்காக அதனை மேற்கே திருப்பினார்கள். அதனால் கொங்கணத்து ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆண்டு முழுவதும் நீர் கிடைத்தது. கிழக்கே வறண்ட பீமா சமவெளிக்கு அந்த நீர் இல்லாமற் போயிற்று. வறட்சி வரும் ஆண்டுகளில் இவ்வழக்கு இன்றும் எழுகின்றது.

இப்பொழுது இரண்டு பக்கங்களையும் கூட்டிப் பார்ப்போம். அந்த மூன்று நிலையங்களும் சுமார் நூறாண்டாக இயங்கி வருகின்றன. இப்போது அவற்றின் திறன் மொத்தம் 447 மெகாவாட் அளவில் உள்ளது. இத்தனை காலமும் கரியினால் இவ்வளவு மின்சாரம் எடுத்திருந்தால் எத்தனை வண்டி கரியும் எத்தனை மலை சாம்பலும் ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கரி எடுக்கும் இடத்திலும் ஊர்கள் அழிகின்றன, காடுகள் அழிகின்றன என்பதையும் மறக்கலாகாது. மேலும் நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் இயக்கவும் நிறுத்தவும் முடியும். மாலை வேளையில் நகரம் முழுவதும் ஒருசேர விளக்கேற்றும்போது இதன் அருமை விளங்கும். ஆகவே இவற்றைக் கட்டியதே பிழை என்று நான் கூற வரவில்லை.

ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. எந்த ஆலைகளுக்காக முதன்முதல் இந்த மின்சாரம் எடுக்கப்பட்டதோ, அவற்றுட் பெரும்பாலானவை 1982ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடப்பட்டுவிட்டன. அவை இருந்த இடங்களில் இன்று அடுக்கு மாளிகைகள் நிற்கின்றன. ஆலைகள் போயினும் ஏரி போகவில்லை; மாவளருடைய வயல் மீளவில்லை. மழை ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. ஆகையால் நீரின் ஆற்றல் புதுப்பிக்கத்தக்கது என்கிறோம். மூழ்கிய நிலத்துக்கு அப்பெயர் பொருந்துமா?

வெயிலும் காற்றும் இக்கேள்வியிலிருந்து தப்பியவை அல்ல. சூரிய மின்சாரத்துக்கு எரிபொருட் செலவு இல்லை. ஆனால் பரந்த நிலம் வேண்டும், இரவில் அது கிடைக்காது, தகடுகள் சுமார் இருபத்தைந்து ஆண்டுகளில் முதுமையடைந்து கழிவாகும். காற்றாலை பருவக் காற்றை நம்பி நிற்பது. கருநாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் பெரிய சூரிய மின்பூங்கா ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் அமைந்தது. அங்கு நிலத்தை விலைக்கு எடுக்கவில்லை; உழவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தனர். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் என்றும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து வீதம் உயரும் என்றும் ஏற்பாடு. நிலம் உடையவன் பெயரிலேயே இருக்கிறது. மழை பொய்த்த பூமிக்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. முள்ஷியிலிருந்து நாம் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம் என்று மகிழலாம். ஆயினும் அந்த வயல்களில் களையெடுத்தும் கதிரறுத்தும் கூலி பெற்றுவந்த நிலமற்ற மக்களுக்குக் குத்தகைப் பணத்தில் பங்கில்லை. ஏட்டில் பெயர் இல்லாதவன் அன்றும் விடுபட்டான், இன்றும் விடுபடுகிறான்.

1894ஆம் ஆண்டின் சட்டம் நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2013இல் மாற்றப்பட்டது. புதிய சட்டப்படி, தனியார் கம்பெனிக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு எண்பதின் சம்மதம் பெற வேண்டும். அங்கே பிழைக்கும் கூலியாட்களையும் பாதிக்கப்பட்டவராக எண்ண வேண்டும். முள்ஷி மக்கள் மண்ணில் அமர்ந்து கேட்டதற்குச் சட்டத்தின் ஏடு பதில் சொல்ல இவ்வளவு காலம் ஆயிற்று. பாவகடாவைப் போல் குத்தகை என்று வந்துவிட்டால் இச்சட்டத்துக்கும் அங்கு வேலை இல்லை.

எந்த ஆற்றல் நல்லது என்று குழந்தைகள் நம்மைக் கேட்டால் நாம் சொல்லத்தக்க விடை இதுவே: கரியை விட நீரும் வெயிலும் காற்றும் மேலானவை, ஆனால் அவற்றின் விலையைக் கொடுப்பவர் ஓரிடத்திலும் பயனைப் பெறுபவர் வேறிடத்திலும் இருக்கின்றனர், இருவரையும் ஒரே ஏட்டில், வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ளும் திட்டமே நல்ல திட்டம். பெற்ற ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நமக்கு, நிலம் பிரிந்த துயரம் புதிதன்று. நாமாவது விரும்பி வந்தோம்.

மேற்கு ரயில்வேயின் தண்டவாளங்களை ஒட்டி, கீழ்ப் பரேலிலிருந்து மாஹிம் வரை நீண்டு செல்லும் பெருஞ்சாலைக்கு இன்று சேனாபதி பாபட் மார்க் என்று பெயர். ஒரு புறம் மின்சார வண்டிகள் இடைவிடாது ஓடுகின்றன. மறுபுறம் அந்த மின்சாரத்தின் விலையைக் கேட்டுச் சிறை சென்றவரின் பெயர் நிற்கின்றது. மும்பைமாநகர் தன் கணக்கின் இரண்டு பக்கங்களையும் அறிந்தோ அறியாமலோ அருகருகே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்ப்பது நம் கடமை.