செவ்வாயின் வானம் நீலமா, சிவப்பா? கோள்களின் படங்கள் உருவாகும் விதம்

பிற கோள்களிலிருந்து விண்கலங்கள் அனுப்புபவை எண்களே. அவற்றைப் படமாக்கி, உரிய நிறத்தை உறுதிசெய்யும் பணி பூமியில் நடைபெறுகிறது. ஆகவே, படத்துடன் வெளியிடப்படும் விளக்கக் குறிப்பும் படத்தைப் போலவே முக்கியமானது.

எண்களில் வந்த முதல் படங்கள்

செவ்வாயை முதன்முதலில் அருகிலிருந்து படம்பிடித்தது அமெரிக்காவின் மாரினர் 4 விண்கலம். 1965 ஜூலையில் அக்கோளைக் கடந்து சென்றபோது 21 முழுப் படங்களையும், மற்றொரு படத்தின் ஒரு பகுதியையும் அது பதிவு செய்தது. ஒரு படத்தில் 200 வரிசைகள். வரிசைக்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவும் 0 முதல் 63 வரையிலான எண்ணாக அனுப்பப்பட்டது. விநாடிக்கு 8.33 பிட் வேகத்தில் ஒரு படம் வந்துசேர 8 மணி நேரம் தேவைப்பட்டது. கணினி படத்தை உருவாக்கும்வரை காத்திராத பொறியாளர்கள், எண்கள் அச்சிட்ட காகிதப் பட்டைகளை ஒட்டி, எண்ணுக்கேற்ப வண்ணம் தீட்டினர். பள்ளங்கள் நிறைந்த வறண்ட நிலம் பின்னர் வந்த படங்களில் தெரிந்தது.

மாறிய வானம்

1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் தரையிறங்கிய வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படத்தில், வானம் வெளிர் நீலமாகக் காட்டப்பட்டது. பின்னர் கேமராவின் அளவீடுகள் சரிசெய்யப்பட்டு, வானம் இளஞ்சிவப்பு எனத் திருத்தப்பட்டது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களே இந்த நிறத்துக்குக் காரணம். நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கான வண்ண அட்டைகளும் அக்கலத்தில் பொருத்தப்பட்டிருந்தன.

ரேடார் காட்டிய வெள்ளி

அடர்ந்த மேகங்கள் மூடிய வெள்ளிக் கோளின் நிலப்பரப்பைச் சுற்றுப்பாதையிலிருந்து சாதாரண கேமராவால் காண இயலாது. 1990 முதல் அதனைச் சுற்றிய மெகல்லன் விண்கலம் ரேடார் அலைகளைப் பயன்படுத்தியது. பரவலாகக் காணப்படும் ஆரஞ்சு நிற வெள்ளிப் படங்கள் அந்த ரேடார் தரவுகளே. அவற்றின் நிறம், 1982இல் அங்குத் தரையிறங்கிய சோவியத் கலங்களான வெனரா 13, 14 எடுத்த படங்களை அடிப்படையாகக் கொண்டு பின்னர் சேர்க்கப்பட்டது.

மங்கள்யான்

2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த இந்தியாவின் மங்கள்யானில், ஆமதாபாதில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய வண்ணக் கேமரா இடம்பெற்றது. செல்பேசிக் கேமராவைப் போலவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே நேரத்தில் அது பதிவு செய்தது. சுற்றுப்பாதை மிகவும் நீள்வட்டமானது என்பதால், சுமார் 70,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிலிருந்து முழுக் கோளையும் ஒரே படத்தில் காட்ட முடிந்தது. பெங்களூரு அருகே பியாலாலுவில் உள்ள ஆண்டெனாக்கள் தரவுகளைப் பெற்றன. ஆறு மாதங்களுக்கெனத் திட்டமிடப்பட்ட இக்கலம், சுமார் எட்டு ஆண்டுகள் செயல்பட்டது.

குறிப்பைப் படிப்பது எப்படி?

* இயல்பு நிறம்: மனிதக் கண்ணுக்குத் தெரியக்கூடிய நிறத்தை ஒட்டியது.
* மிகைப்படுத்திய நிறம்: பாறை, மண் ஆகியவற்றின் வேறுபாடு புலப்படுமாறு நிறம் கூட்டப்பட்டது.
* மாற்று நிறம்: உயரம், வெப்பம், கனிமம் போன்ற, கண்ணுக்குத் தெரியாத அளவுகளுக்கு நிறம் தரப்பட்டது.

மூன்றும் உண்மையான தரவுகளிலிருந்து உருவானவையே. எனினும், குறிப்பு நீக்கப்பட்டுப் பகிரப்படும் படத்தைக் கொண்டு அக்கோளின் நிறத்தை முடிவு செய்ய இயலாது.