விருந்தாளி உப்பு

இறால் வளர்ப்பு புதிய தொழில் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை கொச்சிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வைப்பீன் தீவிலும் காயலோரத் தாழ்நிலங்களிலும் 'பொக்காளி' என்ற சாகுபடி தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவியதும் மேடு கட்டி நெல் விதைக்கிறார்கள். ஐப்பசி வாக்கில் கதிரை அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு மதகைத் திறந்தால் கடல் ஏற்றத்தோடு இறால் குஞ்சுகள் தாமாகவே உள்ளே வருகின்றன. இரவில் மதகு வாயில் விளக்கு வைத்து அழைப்பதும் உண்டு. அழுகும் தாள் அவற்றுக்கு ஆகாரம். சித்திரைக்குள் இறாலைப் பிடித்துவிட்டு, மறுபடியும் மழைக்குக் காத்திருக்கிறார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கொச்சியில் உப்பு ஆறு மாத விருந்தாளி. நாகப்பட்டினம் கரையிலோ அது குடித்தனமே நடத்த வந்தது.

கீழத் தஞ்சையின் சரித்திரத்தை நிலத்தின் சரித்திரம் என்றே சொல்லலாம். கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தம்பதி ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981இல் 'லாஃப்டி' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, மிராசுதார்களிடம் நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண்களின் பெயரில் எழுதி வைத்தார்கள்.

1990களில் இறால் கம்பெனிகள் வந்தன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை. வயலைக் குளமாக வெட்டி, கடல் நீரைப் பம்பு வைத்து ஏற்றினார்கள். நிலத்தை விற்காதவன் வயலிலும் உப்பு ஊறியது. குடிநீர்க் கிணறு கரித்தது. நடவு, களை, அறுப்பு என்று ஊரே செய்த வேலைக்குப் பதில் சில காவல்காரர்கள் போதுமென்றாயிற்று. பிறகு வெள்ளைப்புள்ளி நோய் கண்டு இறாலும் குளம் குளமாகச் செத்தது.

ஜகந்நாதன் 1994இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் வெட்டிய குளங்களை 1997 மார்ச் 31க்குள் அப்புறப்படுத்த வேண்டும், பழைய பாரம்பரிய முறைக்குத் தடையில்லை. பொக்காளிக்காரனுக்கும் கம்பெனிக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிபதிகள் சரியாகவே கண்டுகொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தீர்ப்பு நிறைவேறுமுன் அதற்குத் தடை வந்துவிட்டது. 2005இல் பார்லிமெண்ட் தனிச் சட்டம் செய்து, கடலோர விதி இறால் வளர்ப்பைக் கட்டுப்படுத்தாது என்றது. அதுவும் 1991 முதலே அப்படித்தான் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது!

இறாலால் தேசத்துக்கு அன்னியச் செலாவணி வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தைப் பின்தேதியிட்டு எழுதலாம், மண்ணை அப்படி எழுத முடியுமா? எத்தனையோ பேர் பாடுபட்டு ஏழைப் பெண்ணுக்கு ஒரு பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்துக் குளத்து உப்பு அவள் வயலில் ஏறினால், அந்தப் பட்டாவைத்தான் நடவு நட வேண்டும்.