போர்ப் பட்டறையிலிருந்து ஐ.டி.ஐ. வரை

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இந்தியாவின் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ரயில்வே பட்டறைகளுக்கும் டர்னர், ஃபிட்டர், வெல்டர் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கொல்லரும் தச்சரும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆனால் வரைபடத்தைப் படித்து, அளவு பிசகாமல் ஒரே உருப்படியை நூற்றுக்கணக்கில் செய்வது அவர்கள் பழகிய வேலை அல்ல. 1940-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல், பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரிலான திட்டத்தில் இந்தியத் தொழிலாளர்கள் அந்நாட்டுக்கே அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள்.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. ஆள் கிடைக்காத திண்டாட்டம் போய், படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடும் கவலை வந்தது. அதற்காகவே 1945-இல் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்களும் பயிற்சி மையங்களும் அதன் கீழ் வந்தன. பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்தவர்களும் பின்னர் இதில் சேர்க்கப்பட்டார்கள். எங்கே காலியிடம் இருக்கிறது என்று அறிந்த துறையே ஆளையும் தயாரித்தது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பலம்.

1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் சுமார் 50 நிலையங்களுடன் தொடங்கியது. மக்கள் வாயில் ஐ.டி.ஐ. என்று நிலைத்த தொழிற்பயிற்சி நிலையங்கள் இவைதான். இந்த ஏற்பாட்டை ஆராய அரசு அமைத்த சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956-இல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு மாறியது. பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் மட்டும் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தன. அதனால் ஒரு மாநிலத்தில் படித்த வெல்டர் இன்னொரு மாநிலத்து உருக்காலையிலும் வேலைக்கு விண்ணப்பிக்க முடிந்தது.

பயிற்சியின் உயிர் பட்டறை நேரத்தில் இருந்தது. ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவுவதில் தொடங்குவார். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கும்போது இடையில் வெளிச்சம் தெரியாத வரைக்கும் ராவ வேண்டும். வாரக்கணக்கில் நீளும் இந்த வேலை வெறும் தேய்ப்பு போலத் தோன்றலாம். நுண்ணிய அளவைக் கையும் கண்ணும் உணர்வது இதில்தான். துளையிடுதல், மரை வெட்டுதல், இரண்டு துண்டுகளை இடைவெளியின்றிப் பொருத்துதல் எல்லாம் அதன் பிறகே. மேற்படிப்புக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஓரிரு ஆண்டுகளில் சம்பளத்துக்குப் போக வைத்த படிப்பு இது.

தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. வேரூன்றியதற்கு அப்போது எழுந்த ஆலைகளே காரணம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் திறக்கப்பட்டது. நெய்வேலி சுரங்கம், திருச்சி கொதிகலன் ஆலை, கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் அடுத்த பத்தாண்டுக்குள் வந்தன. பயிற்சி மட்டும் வேலையை உண்டாக்கிவிடாது. சான்றிதழோடு வெளியே வந்தவருக்கு அருகிலேயே ஆலை வாசல் இருந்தது. நிலையத்துக்கும் ஆலைக்கும் நடுவிலிருந்த இடைவெளியை 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நிரப்ப முயன்றது. உதவித்தொகை கொடுத்துப் பழகுநர்களைச் சேர்ப்பதை அது நிறுவனங்களின் கடமையாக்கியது.

1991-இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் பொதுத்துறை ஆலைகளில் ஆள் எடுப்பு சுருங்கியது. தனியார் ஐ.டி.ஐ.கள் பெருகின, நாட்டில் இன்றுள்ள 14,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் பெரும்பகுதி அவைதான். ஆலைகள் கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களுக்கு மாறிய பிறகும், பல நிலையங்களில் பழைய லேத்தே ஓடியது. அங்கே படித்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. அந்தப் பழியைப் படித்தவர்கள் மேல் போடுவது நியாயமல்ல.

2015-இல் மத்திய அரசு பயிற்சிப் பிரிவைத் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து பிரித்து, புதிய திறன் மேம்பாட்டு அமைச்சகத்திடம் கொடுத்தது. வேலைவாய்ப்புப் பிரிவு பழைய இடத்திலேயே நின்றது. 1945-இல் ஒன்றாகக் கட்டிய இரண்டும் அங்கே பிரிந்தன. தமிழ்நாட்டில் இரண்டையும் இன்றும் ஒரே துறை, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, கவனிக்கிறது. அரசு ஐ.டி.ஐ.களில் 71-ஐ நவீனமாக்க டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் மாநில அரசு 2022-இல் ஒப்பந்தம் செய்தது. ரோபோ இயக்கம், கணினி வழி உற்பத்தி போன்ற பிரிவுகள் அதன் வழியே பாடத்தில் சேர்ந்தன.