கொல்லிமலையில் பிறந்த கைமருத்துவர்

தொழுநோய்ப் பணியாளனாக ஊர் ஊராய்ச் சுற்றியவன் நான். 'பெருவியாதிக்காரன்' என்று பெயர் சூட்டி, தனிக் குடிசை, தனித் தட்டு என்று ஒதுக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைக்க 1898-லேயே சட்டம் போட்டார்கள்.

எங்கள் கொல்லிமலையில் 1914-இல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்து வலி தெரியாததால்தான் சூடும் வெட்டும் பட்டு அழிகின்றன என்று காட்டினார். நல்ல தசைநாரை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அந்தக் கையால் தானே பிசைந்து உண்ணும் முதல் கவளம் எத்தனை பெரிது!

கை தேறியும் வேலை கொடுக்கப் பலர் மறுத்தார்கள். அது கொடுமை. நோயாளியைப் பிடித்து அடைக்கும் அந்த 1898 சட்டம் 2016-இல்தான் நீங்கியது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் பிரிவு 2019 வரை இருந்தது.