சிக்னலில் கார் நின்றுபோகிறதா? திருகைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள்

கோலா கங்சார் - சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது கார் குலுங்குகிறது. ஏர்கோன் போட்டால் இன்ஜின் திணறுகிறது. பிரேக் பிடித்து வேகம் குறைந்தால் அப்படியே நின்றுபோகிறது. பழைய புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில், மைவி வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான தொல்லை இது. இதை 'ஐடலிங் இறங்கிவிட்டது' என்பார்கள்.

எண்ணெய் மிதியில் கால் வைக்காதபோது இன்ஜின் தானாக ஓடும் வேகமே ஐடலிங். பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடான பிறகு இது நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். உங்கள் காருக்குரிய சரியான அளவைக் கையேட்டிலோ, பானெட்டின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் தாளிலோ பார்க்கலாம். காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்ததும் வேகம் கூடுதலாக இருப்பது இயல்புதான். ஆகவே இன்ஜின் சூடான பிறகே அளவைப் பார்க்க வேண்டும்.

ஏன் அலட்சியம் கூடாது?

ஓடும் காரில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் சட்டென்று கனத்துவிடும். பிரேக்கிற்கு உதவும் வெற்றிட அழுத்தமும் ஓரிரு முறை மிதித்தவுடன் தீர்ந்துவிடும். அதன்பின் பிரேக் பிடிக்க மிக அதிக பலம் தேவைப்படும். பாடாங் ரெங்காஸிலிருந்து தைப்பிங் செல்லும் புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் இப்படி நேர்ந்தால் ஆபத்து.

எப்போது இறங்குகிறது?

பட்டறைக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

* ஏர்கோன் போட்டால் மட்டும்: கம்ப்ரசர் சுமையைத் தாங்க ஐடலிங்கை உயர்த்திக் கொடுக்கும் வால்வு வேலை செய்யாமல் இருக்கலாம். கம்ப்ரசரே இறுகியும் இருக்கலாம்.
* காலையில் மட்டும்: கார்புரேட்டர் காரில் சோக், புதிய காரில் வெப்பநிலை சென்சார்.
* எந்நேரமும், விட்டுவிட்டு உதறலோடு: ஸ்பார்க் பிளக், பிளக் கேபிள் அல்லது காயில். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் ஐடலிங் இறங்கும்.
* பேட்டரி மாற்றிய பிறகு: இன்ஜின் கணினி தான் கற்றுவைத்திருந்த அளவை மறந்திருக்கும். கையேட்டில் உள்ள முறைப்படி அதற்கு மீண்டும் பழக்க வேண்டும்.
* முள் சரியான அளவில் இருந்தும் கார் குலுங்கினால்: கோளாறு ஐடலிங்கில் இல்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் தேய்ந்திருக்கக்கூடும்.

முதலில் செலவில்லாதவை

காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மண்சாலையில் அதிகம் ஓடும் தோட்டத்துக் கார்களில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அடுத்து இன்ஜினைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கும் ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம்: ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்ட ரப்பர் இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று நுழைந்தால் சில கார்களில் ஐடலிங் ஏறும், சிலவற்றில் இறங்கும். 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் அந்த இடத்தைக் கவனியுங்கள்.

இவை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் திராட்டில் பாடி. கால் எடுத்ததும் அதிலுள்ள தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மிச்சமுள்ள சிறு இடைவெளி வழியாகவும், ஐடலிங் வால்வு வழியாகவும் செல்லும் காற்றில்தான் இன்ஜின் ஓடுகிறது. அந்த இடத்தில் கரி படிந்தால் காற்று குறைந்து வேகமும் இறங்கும். ஓட்டம் கூடிய கார்களில் இது அடிக்கடி காணப்படும் காரணம்.

சுத்தம் செய்வது எப்படி?

இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். காற்றுக் குழாயைக் கழற்றி, திராட்டில் பாடிக்கென விற்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, தகட்டின் விளிம்பைத் துடையுங்கள். மின்சார மோட்டாரில் இயங்கும் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது, பற்சக்கரம் உடையும். அத்திரவம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அருகில் சிகரெட் கூடாது. சுத்தம் செய்தபின் சிறிது நேரம் ஐடலிங் ஏறி இருந்தால் பயப்பட வேண்டாம். கணினி தன்னைச் சரிசெய்துகொள்ளும். இல்லையென்றால் பட்டறையில் ரீசெட் செய்யலாம்.

திருகைத் தொடலாமா?

1985இல் வந்த முதல் சாகா, 1994இல் வந்த முதல் கஞ்சில் போன்ற கார்புரேட்டர் கார்களில் ஐடலிங் திருகு உண்டு. வடிகட்டி, பிளக், குழாய் எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு, இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஏர்கோனை அணைத்துவிட்டு, கால் திருப்பு அளவில் மெதுவாகத் திருப்ப வேண்டும்.

கணினியால் எரிபொருள் செலுத்தப்படும் கார்களில், தகட்டை நிறுத்தும் திருகு தொழிற்சாலையிலேயே அளவு வைக்கப்பட்டது. அதைத் திருப்பினால் முள் ஏறும், ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். பின்பு வால்வைச் சுத்தம் செய்தாலும் ஐடலிங் தாறுமாறாகும்; பெட்ரோலும் வீணாகும்.

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பாகம் எதையும் வாங்கும் முன் கோளாறுக் குறியீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, உயிரைப் பறிக்கும்.

ஃபோர்மனிடம் போகும்போது 'ஐடலிங்கை ஏத்தி விடுங்க' என்று கேட்காதீர்கள். எப்போது இறங்குகிறது, ஏர்கோன் போட்டா போடாமலா, எந்தப் பாகத்தை அண்மையில் மாற்றினீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். தேவையில்லாத பாகத்திற்குப் பணம் கொடுப்பதை அது தடுக்கும்.