எழுத்துக்காகக் கூடிய சபைகள்

யந்திரங்களின் சரித்திரம் பெரும்பாலும் இருவிதமாக எழுதப்படுகிறது. ஒன்று மேதைகளின் சரித்திரம்: தனியொருவர் இரவு பகலாக உழைத்துப் புதியதொன்றைக் கண்டார் என்பது. மற்றது கம்பெனிகளின் சரித்திரம்: பணம் படைத்தோர் முதலீடு செய்தனர், உலகம் விலை கொடுத்து வாங்கிற்று என்பது. இவ்விரண்டிற்கும் இடையே, அதிகம் எழுதப்படாத மூன்றாவது சரித்திரம் ஒன்றுண்டு. அது கூட்டங்களின் சரித்திரம். ஒரு பல்கலைக்கழக மண்டபத்திலோ, ஒரு பாடசாலை வகுப்பறையிலோ சிலர் கூடுகிறார்கள், வாதிடுகிறார்கள், ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். அவ்வுடன்பாட்டின்மீதே பின்னர் கோடிக்கணக்கானோர் எழுதவும் படிக்கவும் செய்கிறார்கள்.

இன்று அக்கரைப்பற்றிலே ஒரு மாணவி தன் கைத்தொலைபேசியில் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தமிழெழுத்தில் எழுதி அனுப்புகிறாள். கட்டாரில் உழைக்கும் தந்தையின் தொலைபேசியில் அதே எழுத்துகள் பிழையின்றித் தோன்றுகின்றன. காற்றும் மழையும்போல் இதுவும் இயல்பாகவே வாய்த்ததென்று அவள் எண்ணக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இது நடவாத காரியம். இடையில் என்ன நிகழ்ந்தது? யார் கூடினார்கள்? யாருக்கு அங்கே ஆசனம் கிடைக்கவில்லை? கூடியதன் பயன் யாரைச் சேர்ந்தது? இக்கேள்விகளை ஆசிரியரும் மாணவரும் ஆராய்வது அவசியம்.

தமிழ்த் தட்டச்சு யந்திரத்தின் கதை தனிமனித முயற்சியின் கதை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா, நூற்றுக்கணக்கான தமிழெழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்கும் வழியைத் தாமே ஆராய்ந்து கண்டார். தட்டச்சுப் பொறி காகிதத்தில் மையை ஒற்றும்; காகிதத்தை மனிதக் கண் படிக்கும். ஆகவே ஒருவருடைய பொறிக்கும் இன்னொருவருடைய பொறிக்கும் விசைகள் வேறுபட்டாலும் கடிதத்துக்குக் கேடில்லை.

கணினியின் இயல்பு வேறு. அதற்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ‘அ’ என்பதற்கு ஓர் எண், ‘க’ என்பதற்கு ஓர் எண் என்று வகுத்துக் கொடுத்தால்தான் அது எழுத்தைச் சேமிக்கும், அனுப்பும், தேடித் தரும். அனுப்புபவரின் கணினியும் பெறுபவரின் கணினியும் ஒரே எண்ணை ஒரே எழுத்தாகக் கொள்ளவேண்டும். அத்தகைய உடன்பாட்டைத் தனிமனித மேதையால் ஆக்கிவிட முடியாது. அது பலர் கூடிப் பேசிப் பெறவேண்டிய பொருள். கணினித் துறையில் கூட்டங்கள் முக்கியத்துவம் பெற்றதன் அடிப்படைக் காரணம் இதுவே.

இக்கூட்டங்கள் எதற்காகக் கூடுகின்றன என்பதில் தொடக்கத்திலிருந்தே இரு நோக்குகள் மோதி வந்திருக்கின்றன. 1975 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையிலே, கணினியைத் தாமே கட்டியமைக்க விரும்பியோர் சிலர் கூடினர். ஹோம்புரூ கணினிக் கழகம் என்று அது பெயர் பெற்றது. அறிந்ததை மற்றவர்க்குச் சொல்வதும், செய்ததைக் காட்டுவதும், எழுதிய நிரலைப் பகிர்வதும் அதன் வழக்கம். ஸ்டீவ் வொஸ்னியாக் தாம் வரைந்த கணினிப் படங்களின் பிரதிகளை அங்கே இலவசமாகக் கொடுத்தார். 1976 பெப்ரவரியில், அப்போது இளைஞராயிருந்த பில் கேட்ஸ், இத்தகைய ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தம் நிறுவனத்தின் நிரலை விலை கொடாமற் பிரதியெடுப்பது திருட்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில் வொஸ்னியாக்கின் கணினியை விற்பதற்கு ஆப்பிள் கம்பெனி தோன்றியது. சபையிலே பகிரப்பட்ட அறிவு சந்தையிலே சரக்காயிற்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்து, மென்பொருளின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது, பழைய கழகத்தின் தர்மத்தையே அவர் கொள்கையாக்கினார் எனலாம்.

இந்த இரு நோக்குகளும் தமிழுலகிலும் மோதின. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை ஆக்கினார். சுவிட்சர்லாந்தில் இரசாயன ஆராய்ச்சியாளராகப் பணிபுரிந்த முனைவர் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை உருவாக்கினார். வணிக நிறுவனங்களும் தத்தம் எழுத்துருக்களை விற்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண்வரிசை. ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை வேறோர் எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையை நிரப்பும். தமிழர் நாடு கடந்து சிதறிய காலம் அது. அவர்களுடைய எழுத்தும் அவ்வாறே சிதறிக் கிடந்தது.

நா. கோவிந்தசாமியைப் பற்றி இங்கே சற்று விரித்துரைப்பது தகும். அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பாக நின்றவர். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் முதலாவது தமிழ் இணைய மாநாடு கூடுவதற்கு அவரே மூல காரணர். எழுத்தாளரும் பொறியியலாளரும் பேராசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து, தமிழெழுத்துக்குப் பொதுவான எண்முறை வேண்டும் என்று அங்கே முடிவு செய்தனர். மொழியை வகுப்பறையிற் கற்பித்த ஒருவர் இக்கூட்டத்தைக் கூட்டினார் என்பது நம்மைப் போன்ற ஆசிரியர் சிந்திக்கத்தக்க செய்தி.

1999 பெப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு கூடியது. அதன் பயனாக ‘தமிழ் 99’ விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் எண்முறைகளும் தமிழ்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்றன. அவ்வாண்டு மே மாதத்திலேயே கோவிந்தசாமி காலமானார். 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. பின்னர் கோலாலம்பூர், சான்பிரான்சிஸ்கோ, கொலோன், கோயம்புத்தூர், பிலடெல்பியா, சிதம்பரம், புதுச்சேரி, ரொறன்ரோ எனப் பல நகரங்களில் இம்மாநாடுகள் நடைபெற்றன.

இச்சபைகள் குறையற்றவை என்று சொல்வது சரித்திரமாகாது, துதியாகிவிடும். ஒரு முறையை நாடி வந்தவர்கள் பல முறைகளுடன் திரும்பினர். வெளிநாட்டுத் தமிழரும் தன்னார்வலரும் கூடி வகுத்த ‘திஸ்கி’ முறை ஒருபுறம், தமிழ்நாட்டரசு ஏற்ற ‘டாம்’, ‘டாப்’ முறைகள் மறுபுறம். இப்பிணக்கு தீருமுன்னரே, 1991இல் முதற்பதிப்பு வெளியான யூனிகோட் என்னும் உலகப் பொதுக்குறி மேலோங்கியது. அதிலே தமிழுக்குக் கிடைத்தவை 128 இடங்கள். இன்று நிரம்பியிருப்பவை 72. இந்திய அரசின் பழைய குறிமுறையைத் தழுவி அது அமைந்தமையால், நம் இலக்கணம் ஓரெழுத்தாகக் கொள்ளும் ‘கொ’ அங்கே மெய்வரிசைக் குறியொன்றும் உயிர்க்குறியொன்றுமாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் கொடுக்கும் முறையொன்றைத் தமிழறிஞர் வகுத்தனர். 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு அதனை யூனிகோட்டுடன் சேர்த்து ஏற்றது. ஆயினும் உலகம் யூனிகோட்டின் வழியே போய்விட்டது.

காரணம் வெளிப்படை. யூனிகோட் ஒன்றியத்தில் முழு வாக்குரிமை, ஆண்டுதோறும் பெருங்கட்டணம் செலுத்தும் உறுப்பினர்க்கே உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் உலகின் மாபெரும் கணினிக் கம்பெனிகள். கணினியின் அடிப்படை மென்பொருளை விற்பவர் எவரோ, அவர் ஏற்ற எண்முறையே நடைமுறையாகிறது. மக்கள் சபை இழுபறிப்பட்ட இடத்திலே மூலதனத்தின் சபை முடிவு செய்தது. தமிழர் இன்று ஒரே முறையில் எழுதுகிறோம் என்பது உண்மை. அவ்வொற்றுமை நம் சபையின் தீர்மானத்தால் வந்ததன்று என்பதும் உண்மை. எனினும், அவ்வுலக முறை வெறும் அட்டவணையாக நின்றுவிடாமல் சாதாரண மனிதனின் விரலுக்கு வந்து சேர்ந்ததில் தன்னார்வலரின் பங்கு பெரிது. ‘எ-கலப்பை’ போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்கள், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத்து நூல்களைக் காக்கத் தோன்றிய நூலகம் திட்டம், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஆகிய யாவும் கூலி பெறாத உழைப்பின் விளைச்சல்.

இனி நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் முழுவதும் மரண ஓலம். இறந்தோர் யார், காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள் என்ற விபரம் ஒருவரிடமும் ஒருங்கே இல்லை. உதவி நிறுவனங்கள் பல வந்தன. ஓரிடத்தில் உணவு குவிய, வேறோரிடம் வெறுமையாயிருந்தது.

அந்நாட்களில் கொழும்பிலே மென்பொருள் எழுதுவோர் பலர், தம் கம்பெனி வேலையை ஒதுக்கிவைத்துக் கூடினர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்ட ஒரு மென்பொருளைச் சில வாரங்களுக்குள் ஆக்கினர். ‘சஹானா’ என்பது அதன் பெயர். நிவாரணம் என்னும் பொருள்தரும் சிங்களச் சொல்லடியாக வந்தது. இவ்வளவு செல்வம் கொழிக்கும் கணினித் தொழிலில், பேரிடர் காலத்து மக்களுக்கென எவரும் எடுத்தாளத்தக்க இலவச மென்பொருள் அதுவரை கைக்கெட்டவில்லை. இலாபம் தராத பொருளைச் சந்தை ஆக்காது. லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் சஹானாவின் மூலநிரல் உலகுக்குத் திறந்து விடப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், ஜாவாப் பூகம்பத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டமென 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது. சிறியதொரு நாட்டின் இளைஞர் தம் துயரிலிருந்து உலகுக்குக் கொடுத்த கொடை இது. இதில் நாம் பெருமை கொள்வது நியாயமே.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்தப் பேரழிவின் மிகப் பெரிய பங்கைச் சுமந்த கரையின் மொழி தமிழ். இக்கரையின் முஸ்லிம் மக்களுடைய பெயர்களை எண்ணிப்பாருங்கள். ‘முகம்மது’ என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ‘ஹனீபா’, ‘ஜெமீலா’, ‘அஸீஸ்’ ஆகியவற்றுக்கும் அதே கதி. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு விதம். கணினி எண்ணை ஒப்பிடுமேயன்றி உறவை ஒப்பிடாது. ஓரெழுத்து மாறினால் மருத்துவமனைப் பட்டியலில் உள்ள பிள்ளையும் தாய் தேடும் பிள்ளையும் அதற்கு இருவேறு மனிதர். ஜ, ஷ, ஸ, ஹ என்னும் எழுத்துகள் தமிழின் கணினி அட்டவணையில் இடம்பெற்றிருப்பதை வெறும் இலக்கண விவகாரமாகச் சிலர் கருதலாம். நமக்கு அது பெயரின் பிரச்சினை; இறந்தவரை இனங்கண்டு அடக்கம் செய்யும் உரிமையின் பிரச்சினை. பெயர்களைத் தாய்மொழியில் எழுதவும் தேடவும் வல்ல ஏற்பாட்டைச் செய்பவர் யார்? அப்பெயர்களை அன்றாடம் அழைத்துப் பழகியவர்களே அதனைச் செம்மையாகச் செய்ய இயலும்.

அவர்கள் சபையில் இருக்கிறார்களா? பெரிய மென்பொருள் மாநாடுகள் கொழும்பிலே, ஆங்கிலத்திலே, அநேகமாகக் கம்பெனிகளின் ஆதரவிலே நடக்கின்றன. அக்கரைப்பற்றிலிருந்து அங்கே போவது முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பஸ் பயணம். செலவையும் தங்குமிடத்தையும் தாங்கக்கூடிய மாணவர் சிலரே. மாணவியர் அவரினும் சிலர். போய்ச் சேர்ந்தவரும் தம் ஊரின் தேவையைப் பேசும் பிரதிநிதியாகவன்றி, வேலை தேடும் விண்ணப்பதாரியாகவே அங்கே நிற்க நேர்கிறது. உழைப்பை விலைபேசும் சந்தையும், அறிவைப் பகிரும் சபையும் ஒரே மண்டபத்தில் நடக்கும்போது சந்தையின் குரலே உரத்துக் கேட்கும்.

இதற்கு மாற்று உண்டு என்பதையும் அனுபவம் காட்டுகிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம் என்னும் மாவட்டத் தலைநகரில், குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்க்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி அளித்து வருகின்றனர். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. தலைநகரின் மாளிகையும் ஆங்கிலமும் இன்றியே இக்கூட்டங்கள் நடக்கின்றன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், விஞ்ஞானத்தைச் சுயமொழியிற் கற்பிக்க இயலுமா என்று ஐயுற்றோர்க்கு இந்நாட்டுப் பாடசாலைகளே விடையளித்தன. கணினித் துறைக்கும் அதே விடை பொருந்தும்.

நம்மிடம் வசதியில்லை என்று சொல்ல இயலாது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அக்கரைப்பற்றுக்கு அண்மையில் ஒலுவிலில் நிற்கிறது. பாடசாலைகளில் கணினி அறைகள் உள்ளன. விடுமுறை நாட்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை அக்கதவுகளைத் திறந்து, மாணவர், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், மருத்துவமனை எழுதுவினைஞர், மீனவர் சங்கத்தார் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்த என்ன தடை? முதற்கூட்டத்தின் பொருள் நம் பெயர்களின் எழுத்தாகவே இருக்கலாம்: கரையோரத்து ஆண் பெண் பெயர்களைத் தமிழில் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் வழக்கிலுள்ள ஆங்கில வடிவங்களை நிரைப்படுத்தி, எவரும் எடுத்தாளும் பொதுச்சொத்தாக வெளியிடுதல். நம் முன்னோரின் அறபுத்தமிழ் ஏடுகளைக் கணினியில் ஏற்றுவது அடுத்த பணியாகலாம். பேசுவது தமிழில் இருக்கட்டும். மாணவியர்க்குச் சமமான ஆசனம் இருக்கட்டும். எழுதும் நிரல் திறந்ததாக இருக்கட்டும்.

சிங்கப்பூரிலே ஓர் ஆசிரியர் கூட்டிய சபை, உலகத் தமிழரை ஓர் எழுத்தைச் சுற்றி இருத்தியது. கொழும்பிலே துயரத்தால் உந்தப்பட்ட இளைஞர் கூட்டம், எவருக்கும் சொந்தமான ஒரு கருவியை ஆக்கியது. இவ்விரண்டிலும் நம் கரைக்குப் பங்குண்டு. பெற்ற பங்கைவிட ஆற்றவேண்டிய பங்கே பெரிது. அடுத்த பேரலை எப்போது எழும் என்பது எவர்க்கும் தெரியாது. அன்று விரிக்கப்படும் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர்கள் பிழையின்றி இருக்கவேண்டுமானால், அப்பதிவேட்டை எழுதும் சபையில் நாம் இன்றே அமர்ந்தாக வேண்டும்.