கால் ஊன்ற ஓர் இடம்

1870களில் இங்கிலாந்தில் சைக்கிள் வாங்கப் போனால் முதல்ல காலைத்தான் அளப்பாங்க. சட்டைக்குத் தோள் அளவு மாதிரி, சைக்கிளுக்குக் கால் நீளம். முன்னால் ஆளுயரச் சக்கரம், பின்னால் தாம்பாளம் அளவுக்கு ஒரு குட்டிச் சக்கரம். பழைய படங்களில் பார்த்திருப்பீங்க, பென்னி ஃபார்திங் என்று பேர். அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேணும்னா பெரிய சக்கரம் வேணும், பெரிய சக்கரத்துக்கு நீளமான கால் வேணும். நெடுங்கால்காரர் 60 அங்குலச் சக்கரத்தில் பறக்க, குட்டையானவர் 48 அங்குலத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அந்த வண்டியில் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று இருந்தது. ஓடும்போது சிக்கல் இல்லை, நிறுத்தும்போதுதான். எவ்வளவு உயரமானவருக்கும் கால் தரையைத் தொடாது. ஏறுவதும் இறங்குவதும் தனி வித்தை.

1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். பின்சக்கரத்துக்குச் செயின், கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு சக்கரங்கள், கால் எட்டும் உயரத்தில் சீட். இந்த வகைக்கு வைத்த பேரே ‘சேஃப்டி’. அதே 1885ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் மூதாதை என்று அதைச் சொல்வது வழக்கம். விழாமலிருக்க அதற்கு இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரங்கள் இருந்தன. நின்றால் சாய்ந்துவிடுமோ என்ற பயம் மோட்டார் சைக்கிளோடு கூடவே பிறந்தது.

இங்கே இரண்டு வண்டிகளும் பிரிகின்றன. சைக்கிள் சீட்டை ஸ்பானர் வைத்து ஏற்றலாம், இறக்கலாம். அண்ணன் ஓட்டிய வண்டியைத் தங்கை ஓட்டலாம். மோட்டார் சைக்கிளில் அது நடக்கவில்லை. சீட்டுக்குக் கீழே எஞ்சின், பெட்டி, ஷாக் அப்சார்பர் எல்லாம் குடியேறிவிட்டன. சீட்டின் உயரத்தை யாரோ ஒருவர் வரைபட மேசையில் முடிவு செய்தார். பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் ஐரோப்பியர், அமெரிக்கர் அல்லது ஜப்பானியர். மற்றவர்கள் அந்த முடிவுக்குத் தங்கள் காலைப் பொருத்திக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் அது பெரிய தொல்லையாக இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிறைய வண்டிகளில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். முதுகு போகும், ஆனால் சீட் தாழ்வாக இருக்கும். 1949ல் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஸ்விங் ஆர்மோடு வந்தபோதுகூட சக்கரம் மேலும் கீழும் போகிற தூரம் குறைவுதான். 1955ல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட்டும் அந்த வம்சம்தான்.

கதை மாறியது மோட்டோகிராஸ் பந்தயத்தில். சேற்றிலும் மேட்டிலும் தாவி விழுகிற வண்டிக்குச் சக்கரம் அதிக தூரம் ஏறி இறங்கினால்தான் பிடிமானம். லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் பின்பக்கம் இரண்டு ஷாக்குக்குப் பதிலாக ஒரே ஷாக் வைக்கும் அமைப்பை உருவாக்கினார். யமஹா அதை வாங்கியது. 1973ல் ஹோகன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு போட்டிதான். 4 அங்குலமாக இருந்த பின்சக்கரப் பயணம் பத்தே வருஷத்துக்குள் 12 அங்குலத்தைத் தொட்டது. சக்கரம் ஒரு அடி மேலே வரணும்னா, மேலே ஒரு அடி காலி இடம் இருக்கணும். சீட் எங்கே போகும்? மேலேதான்.

அந்த உயரமான வண்டிகளின் திருவிழா பாரிஸ் டாக்கர் பந்தயம். 1984லும் 1985லும் அதை பிஎம்டபிள்யூவில் வென்றவர் காஸ்டன் ராஹியே. பெல்ஜியக்காரர், அதற்கு முன்பே 125 சிசி மோட்டோகிராஸில் மூன்று முறை உலக சாம்பியன். உயரம் 1.64 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் ஐந்தடி நாலு, நாலரை அங்குலம். பெரிய பெட்ரோல் டேங்க் வைத்த அந்த ராட்சத வண்டியில் அவருக்கு இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொடாது. ஒரு பக்க ஃபுட்ரெஸ்டில் நின்றபடி வண்டியை நகர்த்திவிட்டு, மறுகாலைத் தூக்கிப் போட்டு ஏறுவார் என்று சொல்வார்கள்.

குட்டையாக இருக்கிற யாராவது பைக் வாங்கப் போனால் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவத்தில் காதில் விழும். ‘உயரம் ஒண்ணும் மேட்டரே இல்ல, பழகினா வந்துடும்.’ பாதி உண்மை. பாலைவனத்தில் சிக்னல் கிடையாது. ராஹியே ஒரு நாளில் நின்ற தடவைகளை அண்ணா சாலையில் கால் மணி நேரத்தில் நாம் நின்றுவிடுவோம். பின்னால் பஸ், இடப்பக்கம் ஆட்டோ, சாலை ஒரு பக்கம் சரிவு, பில்லியனில் அம்மா. அங்கே பாதத்தின் முன்பகுதியாவது தரையில் பதியணும். சஸ்பென்ஷன் ஓடுவதற்கானது, கால் நிற்பதற்கானது. வண்டியைத் தாழ்த்துகிறவர் ஓடுவதிலிருந்து கொஞ்சம் எடுத்து நிற்பதற்குக் கொடுக்கிறார்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பது முறையைப் பொறுத்தது. சீட்டின் ஃபோமைச் செதுக்குவது ரொம்பப் பழைய வழி. வண்டியின் குணம் மாறாது, உட்காரும் இடம் மட்டும் வலிக்கும். சீட்டின் முன்பகுதி அகலத்தைக் குறைத்தாலே கால் கூடுதலாக எட்டும். அகலமான சீட் தொடையை விரித்து, காலின் நீளத்தைத் தின்றுவிடுகிறது.

அடுத்தது லிங்க் மாற்றுவது. 1980களில் பரவிய ஒற்றை ஷாக் வண்டிகள் பலவற்றில் ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் ஒரு சிறிய இணைப்புத் தகடு உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நாயெலும்பு என்றே செல்லப்பேர். பெரும்பாலான வண்டிகளில் அதைச் சில மில்லிமீட்டர் நீளமாக்கினால் வண்டியின் பின்பக்கம் அதைப்போலப் பல மடங்கு இறங்கும். விலை குறைவு, வேலை சுலபம். ஆனால் சக்கரம் இப்போது மட்கார்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெரிய பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே உரசலாம். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஹேண்டில் மந்தமாகும். அதனால் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலேற்றி முன்பக்கத்தையும் இறக்கணும். வளைவில் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் தரையைத் தொடும். நிறைய பேர் மறந்துவிடுகிற விஷயம் சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கிய பிறகு அது நீளமாகிப் போயிருக்கும், வண்டி செங்குத்தாக நின்று மறுபக்கம் சாயும். அதையும் வெட்டிக் குறைக்கணும். ஷாக்கைப் பிரித்து உள்ளே ஸ்பேசர் வைத்து, பயண தூரத்தையே குறைப்பது இதைவிடச் சரியான வழி. செலவும் அதிகம்.

கம்பெனிகள் இதைக் கையில் எடுத்தது தேவை என்ற பேரில் இல்லை, ஸ்டைல் என்ற பேரில். அமெரிக்கத் தெருக்களில் ஆட்கள் தாங்களே வண்டியைத் தாழ்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1977ல் ஹார்லி டேவிட்சன் ‘லோ ரைடர்’ வண்டியை விட்டது. சீட் உயரம் 27 அங்குலம் அளவில். அடுத்த பத்தாண்டில் ஸ்போர்ட்ஸ்டரிலும் தாழ்ந்த சஸ்பென்ஷனோடு ‘ஹக்கர்’ வந்தது. அதை வாங்கியவர்களில் பெண்களும் குட்டையான ஆண்களும் கணிசம். அவர்களுக்குத் தேவைப்பட்டது கெத்து மட்டும் இல்லை, பாதம் தரையில் படுவது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அவர்களுக்கென்று சந்தை காட்டிய வாசல் ஸ்கூட்டர். ஆக்டிவாவின் சீட் சுமார் 765 மி.மீ. 2016ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் சீட் 800 மி.மீ. முன்சக்கரத்துக்கு 200, பின்சக்கரத்துக்கு 180 மி.மீ. பயணம் வைத்தும் அவர்களால் அந்த உயரத்தில் நிறுத்த முடிந்தது. 2020ல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சருக்கு 855. ஆக, ‘இது பொண்ணுங்க வண்டி, இது பசங்க வண்டி’ என்று போட்ட கோட்டின் அகலம் சில இடங்களில் வெறும் 35 மி.மீ. இரண்டு விரல் கனம். அந்த இரண்டு விரலைத்தான் பட்டறையில் யாரோ ஒருவர் ஃபோமிலிருந்தும் லிங்கிலிருந்தும் எடுத்துத் தருகிறார்.

2021ல் ஹார்லியின் பான் அமெரிக்கா வண்டியில் ஒரு வசதி வந்தது. வண்டி நிற்கப்போகும்போது சஸ்பென்ஷன் தானாக 1 முதல் 2 அங்குலம் இறங்கும், கிளம்பியதும் ஏறிக்கொள்ளும். ஓடும்போது உயரம், நிற்கும்போது தாழ்வு. எதிலிருந்தும் எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வண்டியின் விலை பல லட்சம். மற்றவர்களுக்கு இன்னமும் மெக்கானிக் அண்ணன்தான் கதி. அவரிடம் போகிறவர்கள் ‘எத்தனை இஞ்ச் இறக்கலாம்ணா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இறக்கினா எதை இழப்பேன்?’ என்றும் கேட்டுவிடுவது நல்லது. முன்பக்கத்தையும் சைடு ஸ்டாண்டையும் பற்றி அவராகவே பேச்செடுத்தால், நம்பி வண்டியை விட்டுவிட்டு வரலாம்.